துணி அடங்கும் வரை

கொற்கையில் பிறந்தவர்களுக்குப் பேய்ப் பயம் கிடையாது, இருட்டுப் பயம் கிடையாது. சத்தம் நின்றுவிடுமோ என்கிற பயம் மட்டும் உண்டு. அந்த ஒரு பயம் போதும், மற்றதற்கெல்லாம் இடமே வைக்காது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பாறைதான் கொற்கை. நிக்கல் தோண்டுவதற்காகத் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் முதலில் வந்து, பாறையைக் குடைந்து உள்ளேயே குடியேறி, பழைய துறைமுகத்தின் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். கடலைத்தான் கொண்டுவர முடியவில்லை. அங்கே எடை என்பது பேருக்குத்தான். கை தவறிய தட்டு தரைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். எடை இல்லாத இடத்தில் காற்றும் தானாக அசையாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும். தூங்குகிறவன் அதையே திரும்பத் திரும்ப இழுத்து, விழிக்காமலே போய்ச் சேருவான். அதனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு ஃபேன். அது பிறந்ததிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். வழியில் பார்த்தால் சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. "ஃபேன் ஓடுதா?" என்பார்கள். "ஓடுது" என்பார்கள். அதோடு சரி.

அதை யாராவது கையால் நிறுத்துவது சாவுக்கு மட்டும்தான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் இந்த ஒரு வழக்கம் பொது. செத்தவர் முகத்தில் மெல்லிய துணியைப் போடுவார்கள். ஃபேன் காற்றில் அது படபடக்கும், ஏதோ உள்ளே இன்னும் மூச்சு ஓடுகிற மாதிரி. இழவு மணி அடித்ததும் ஃபேனை நிறுத்துவார்கள். துணி மெல்ல அடங்கும். அடங்கியதும்தான் அழுகை வரும். பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு, உடலை வெளியே விண்ணில் விடுவதற்காகப் பாறையின் வெளிவாசலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தெருக்காரர்களும் அதே நேரத்தில் தங்கள் வீட்டு ஃபேனை நிறுத்துவார்கள். மரியாதைக்குத்தான். ஆனாலும் அந்தச் சில நொடியில் பெரிய ஆட்களே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

ஜெசிந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்தாள். எந்தத் தெரு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பயந்தவள். அதை அவளே ஒப்புக்கொள்வாள். கல்யாணத்துக்கு முந்தியே பயந்தவள். அமலி பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆறு மாதக் குழந்தை தூங்கும்போது அதன் மூக்கருகே விரல் வைத்து விரல் வைத்து, இவள் தூங்குவதில்லை.

அன்று காலை ஷிஃப்டில் இசக்கி அண்ணன் வந்தார். தண்ணீர் பம்பில் வேலை. கம்பியைப் பிடித்து மிதந்து வந்து, அவள் நாற்காலிப் பக்கத்தில் காலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

"சவரிமுத்து மாமா போயிட்டாரு, தெரியுமா?"

"எந்த சவரிமுத்து, ஃபேன் துடைக்க வருவாரே, அவரா?"

"அவரேதான். நாளைக்கு மதியம் அடக்கம். அப்பத்தான் நாம ஓட்டெடுக்கப் போறோம்."

ஜெசிந்தா திரும்பி இன்டர்காமைப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது. இருந்தாலும் குரல் தானாக இறங்கியது. "என்ன ஓட்டு அண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்காத. பூமியை விட்டுப் பிரிவோமா வேண்டாமான்னு." இசக்கி அண்ணன் குரல் இறங்கவில்லை. அவர் அப்படித்தான். "நாலு பேர் கூடினா பூமிக்காரன் கலகங்கான். எழுதினா படிக்கான். பேசினா கேக்கான். பின்ன எப்படி ஊரைக் கேக்க? இழவு மணி அடிக்கும்போது, பிரியணும்னு நினைக்கவன் தன் வீட்டு ஃபேனை நிறுத்துவான். வேண்டாம்னு நினைக்கவன் சும்மா இருப்பான். உன் போர்டுல கரண்ட் எவ்வளவு இறங்குதுன்னு பாரு. மூணாந்தெரு அவரு தெரு, அதைக் கழிச்சிரு. மிச்சம் இறங்குறது எல்லாம் நம்ம ஓட்டு."

"பூமிக்கும் இது தெரியுமே அண்ணே."

"கேட்டா இழவுன்னு சொல்லிருவோம். பொய்யா? இழவுதானே?"

ஜெசிந்தா விரலைக் கடித்துக்கொண்டாள். ஃபேனும் ஹீட்டரும் ஒரே சுவிட்ச். வீடு ஒன்று நிறுத்தினாலே அந்தத் தெருவின் கணக்கு போர்டில் இறங்கும். "ரொம்ப இறங்கினா ஆபத்து அண்ணே. முக்காவாசி லோடு ஒரே நேரத்துல போச்சுன்னா டர்பைன் வேகமெடுத்துத் தானா நின்னுரும். திரும்ப ஓட வைக்கச் சாவி ஆணையர் கையில இருக்கு."

இசக்கி அண்ணன் சிரித்தார். "முக்காவாசியா? அடி போ. இந்த ஊர்ல அவனவன் தன் நிழலைப் பாத்தே ஒதுங்குதான். பாதி வந்தா நான் பேச்சிக்குக் கோயில் கட்டுதேன்."

பேச்சி அவர் மனைவி. மூச்சிளைப்பு நோய்க்காரி. கரண்ட் போனால் கதவுக்கும் விளக்குக்கும் இன்டர்காமுக்கும் பேட்டரி உண்டு, வீட்டு ஃபேனுக்குக் கிடையாது. ஃபேனுக்கும் பேட்டரி வேண்டும் என்று கொற்கை கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அடுத்த கப்பலில் வரும் என்று பூமி ஒவ்வொரு முறையும் பதில் போடும். கப்பல் வரும். பேட்டரி வராது. இசக்கி அண்ணன் அரசியலுக்கு வந்தது அப்படித்தான்.

"அது சரி, மாமாவுக்காக மத்த தெருக்காரங்களும் நிறுத்திட்டா?" என்று கேட்டாள்.

"அந்த மனுசனுக்கா? வீட்டுக்கு வீடு வந்து, தூசியாக்கிட்ட, துணியைத் தொங்க விட்டுட்ட, நீயெல்லாம் பொம்பளையான்னு வைவாரே, அவருக்கா? அவரு மேல புகார் குடுக்காத ஆளு உண்டா? யாருமே அழாத சாவாப் பாத்துத்தானே எடுத்திருக்கோம்."

அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். தொம்மை சுரங்கத்தில் துளை போடுகிறவன், அதிகம் பேசாதவன். நாளைக்கு அவனுக்கு விடுப்பு. மதியம் அமலி தூங்கும் நேரம், அவன்தான் பார்த்துக்கொள்வான்.

"நாம நிறுத்த வேண்டாம், என்ன?" என்றாள் ஜெசிந்தா.

"நீதானேட்டி எண்ணப் போற?"

"எண்ணுறேன். அது போதும். பிள்ளை தூங்குது. பிரிஞ்சா நல்லதுதான், நான் இல்லைங்கல. நாம ஒரு வீடு இல்லாட்டா ஒண்ணும் குறைஞ்சிராது. நிறுத்த மாட்டேன்னு சொல்லு."

தொம்மை ஃபேனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "சரி" என்றான். அவன் சரி என்று சொல்கிறபோது எதற்குச் சொல்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பேச்சை முடிப்பதற்கும் அதே சரிதான்.

மறுநாள் மதியம் ஸ்பீக்கரில் இழவு மணி அடித்தது.

போர்டில் தெருவுக்கு ஒரு பச்சைக் கோடு. மூன்றாம் தெருக் கோடு சரிந்தது, எதிர்பார்த்ததுதான். அடுத்து ஏழாம் தெரு. பிறகு சுரங்கக்காரர்கள் இருக்கும் இரண்டு தெருவும் சேர்ந்து. ஜெசிந்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆட்கள் இருக்கிறார்கள்! நிழலுக்குப் பயந்தவர்கள் என்று இசக்கி அண்ணன் சொன்னாரே, அந்த ஊர்தானா இது? மொத்த லோடு பாதியைத் தொட்டபோது அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

கோடுகள் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத் தெரு இறங்கியது. ஆஸ்பத்திரித் தெரு. அவள் வீடு இருக்கும் எட்டாம் தெரு, அடியோடு. அதில் ஒரு வீடுகூட மிச்சம் இல்லை. "வேண்டாம்," என்றாள் போர்டைப் பார்த்து. "போதும், போதும், போடுங்க." யாருக்குக் கேட்கும்? சுவருக்கு அந்தப் பக்கம் டர்பைனின் குரல் ஏறிக்கொண்டே போனது. கீச்சென்று அலறியது. பிறகு பெரிய மூச்சாக இறங்கி, நின்றது.

சத்தம் இல்லை.

அப்படி ஒன்றை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. கை நாற்காலியை விட்டு வர மறுத்தது. பிடுங்கித்தான் எடுத்தாள். இன்டர்காமில் வீட்டைக் கூப்பிட்டாள்.

"ஃபேனைப் போட்டேன், சுத்த மாட்டேங்குதுட்டி," தொம்மையின் குரல் உடைந்திருந்தது. "சுவிட்ச் போகுதா வருதான்னே தெரியல."

"நிறுத்தாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"ஓட்டுப் போடாம இருந்தா செத்தா போவோம்?"

"ஓட்டுக்கு இல்லட்டி," என்றான் தொம்மை. "சவரிமுத்து மாமாவுக்கு. அமலி பிறந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு, நம்ம ஃபேன் சரியில்லன்னு தன் வீட்டு ஃபேனைக் கழட்டி மாட்டிட்டுப் போனாரு. தன் வீட்ல காத்து இல்லாம அந்த நாள் பூரா அவரு வெளி நடையில கிடந்தாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவரு மணி அடிக்கையில நான் எப்படிட்டி சும்மா இருக்க?"

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. எட்டாம் தெருவில் மட்டுமா பிள்ளை பிறந்தது? ஏழாம் தெருவில், ஆஸ்பத்திரித் தெருவில், எல்லா வீட்டுக்குள்ளும் அந்த ஆள் வைதுகொண்டே நுழைந்து, வைதுகொண்டே எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இழவையே மறைப்பாக வைத்து ஓட்டெடுக்கக் கிளம்பியவர்கள், ஊர் நிஜமாகவே இழவு காக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எது ஓட்டு, எது அழுகை என்று இனி எவனால் பிரித்துச் சொல்ல முடியும்?

"பிள்ளையை எழுப்பு," என்றாள். "அழ விடு. தூங்க விடாத. தூக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டே இரு. மூஞ்சிக்கு நேரா தட்டை வச்சு வீசு. நிறுத்தாத, என்ன? கை வலிச்சாலும் நிறுத்தாத."

கதவு திறந்தது. ஆணையர் கிருபாகரன் வந்தார், கழுத்தில் சாவி தொங்க. பூமியிலிருந்து வந்து கொற்கையை ஆள்கிற மனிதர். எடையில்லாமல் நகர அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. வேகமாக வந்து தோளைக் கதவில் இடித்துக்கொண்டார். அவரும் பயந்திருந்தார். வியர்வை நெற்றியிலேயே குமிழாக நின்றது.

"யார் பண்ணது?"

"டர்பைன் தானா நின்னுருச்சு சார். சாவியைப் போடுங்க. பிள்ளைங்க எல்லாம் தூங்குற நேரம்."

"யார் பண்ணதுன்னு கேட்டேன். ஊர் மொத்தமும் ஒரே நேரத்துல ஃபேனை நிறுத்துமா? இது கலகம். கலகம்னா, பூமி அனுமதி இல்லாம நான் இந்தச் சாவியைத் திருப்பக் கூடாது. அதுதான் உத்தரவு. செய்தி போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"ஒரு மணி நேரமா? தூங்குற பிள்ளை அதுல பாதி கூடத் தாங்காது சார்!"

"எனக்குத் தெரியாதா?" அவர் குரல் கிரீச்சிட்டது. "அதனாலதான் கேக்கறேன். ஒரு பேர் சொல்லு. நாலு பேர் செஞ்ச குத்தம்னா என் அதிகாரத்துலயே ஸ்டார்ட் பண்ணிடலாம், யாரையும் கேக்க வேண்டாம். ஒரே ஒரு பேர்."

ஒரே ஒரு பேர். அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அமலியின் முகத்தைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும் காற்றை அவள் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. இசக்கி அண்ணன் பெரிய ஆள், தாங்கிக்கொள்வார். பிள்ளை தாங்குமா? அவள் வாயைத் திறந்தாள். 'இ' என்று உதடு விரிந்தும்விட்டது.

"இழவு சார்," என்றாள்.

"என்ன?"

"சவரிமுத்து மாமாவுக்கு இழவு. அதுக்குத்தான் எல்லாரும் நிறுத்தினாங்க. ஒரே நேரத்துல இவ்வளவு பேர் நிறுத்துவாங்கன்னு யாருக்கும் தெரியாது. விபத்து சார். விபத்துன்னாலும் நீங்களே போடலாம்ல?"

"அந்தத் தூசி துடைக்கிற ஆளுக்கு? ஊரே? என் மேஜை மேல அந்த ஆள் மேல வந்த புகார் குமிஞ்சு கிடக்கு. யார்கிட்ட கதை விடற?"

"உங்க வீட்லயும் நிறுத்தினாங்க சார்."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது. ஆணையர் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு இன்டர்காமை எடுத்துத் தன் வீட்டைக் கூப்பிட்டார்.

"வத்சலா, ஃபேனை நிறுத்தினியா?"

அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்கியது. "நிறுத்தினேன். திரும்பப் போட்டா வரமாட்டேங்குது. என்னங்க ஆச்சு? மூச்சு முட்டுதுங்க."

"எதுக்கு நிறுத்தின?"

"மணி அடிச்சுதே. சவரிமுத்துக்கு." இரைத்துக்கொண்டே மேலே பேசினாள். "இந்த ஊர்ல எல்லாரும் என்னை மேடம் மேடம்னு கதவுக்கு வெளியிலயே நிக்கறாங்க. அவர் ஒருத்தர்தான் உள்ள வந்து, என்ன குடும்பம் நடத்துறன்னு என்னைத் திட்டுவார். திட்டிட்டு டீ கேப்பார். எனக்கு இங்க வேற யார் இருக்கா?"

ஆணையர் இன்டர்காமை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே சாவியைக் கழற்றி, துளையில் நுழைத்துத் திருப்பினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்குப் பின்னால் ஒரு முனகல் எழுந்தது. அது உறுமலானபோது ஜெசிந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"என் வீடு நின்னது போர்டுல தெரிஞ்சுதா?" என்று கேட்டார் ஆணையர், அவளைப் பார்க்காமல்.

"போர்டுல வீடு தெரியாது சார். தெருதான் தெரியும். உங்க தெருவை நான் பாக்கவே இல்ல."

அவர் தலையாட்டினார். விபத்து என்றுதான் பூமிக்கு அறிக்கை அனுப்பினார்.

வீட்டுக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. தொம்மை நடுவீட்டில் மிதந்துகொண்டு, ஃபேன் ஓடுவதுகூடத் தெரியாமல் தட்டை வீசிக்கொண்டே இருந்தான். அமலி அவன் தோளில் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தலைப் போல இனிமையான ஒன்றை ஜெசிந்தா அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஊரெல்லாம் இப்படித்தான். மூடி, தட்டு, சட்டை என்று கிடைத்ததை வைத்து வீசி வீசி எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். பேச்சி மட்டும் பிழைக்கவில்லை. மாத்திரை போட்டுப் படுத்திருந்தவள், இழவு மணிக்கு எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி கண் அயர்ந்திருக்கிறாள். இசக்கி அண்ணன் சவரிமுத்து வீட்டில் இருந்தார். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கம்பி கம்பியாகத் தாவி அவர் வீட்டுக்குப் போனபோது அவள் முகம் நீலமாகிவிட்டிருந்தது. மாமாவுக்காக நிறுத்தினாளா, கணவனின் ஓட்டுக்காக நிறுத்தினாளா என்று கேட்க ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் பூமியின் பதில் வந்தது. இனி கொற்கையில் எந்த வீட்டு ஃபேனுக்கும் சுவிட்ச் இருக்காது. ஃபேனுக்கு ஃபேன் ஒரு சீல் வைத்த பெட்டி. ஓடுகிறதா இல்லையா என்பதைப் பூமி நேராகப் பார்த்துக்கொள்ளும். சாவு வீடானாலும் ஃபேனை நிறுத்தக் கூடாது. காற்றை நிறுத்துகிறவர் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பப்படுவார். கொற்கையில் பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பூமியின் எடையில் அவன் எலும்பு எத்தனை நாள் தாங்கும்? இதெல்லாம் குடிமக்களின் உயிரைக் காப்பதற்காகவே என்று உத்தரவு முடிந்தது. அதில் பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை. பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுவிட்சைக் கழற்றக் காவலர்கள் வீடு வீடாக வந்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கிற தெம்பு யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் அந்த அமைதி இன்னும் காதிலேயே இருந்தது. இனி நிறுத்தவே முடியாது என்பதில் ஜெசிந்தாவுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பிள்ளையின் மூக்கருகே விரல் வைக்காமல் தூங்கினாள். அப்படித் தூங்கியதற்காக மறுநாள் தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் மதியம் பேச்சிக்கு அடக்கம்.

ஒரே அறை கொண்ட வீடு. அதில் எவ்வளவு பேர் அடைய முடியுமோ அவ்வளவு பேர். ஆணையரின் மனைவி வத்சலாவும் வந்து ஒரு மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை யாரும் மேடம் என்று சொல்லி விலகவில்லை, விலக இடமும் இல்லை. உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆணையரே வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நடையில் இரண்டு காவலர்கள்.

பேச்சியின் முகத்தில் துணியைப் போட்டார்கள். அது படபடத்தது.

இழவு மணி அடித்தது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. துணி எழுந்து எழுந்து படிந்தது. மூக்குத்தி தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. இசக்கி அண்ணன் ஒரு முனையைக் கையால் அழுத்தினார். மறுமுனை எழும்பியது. அதைப் பிடித்தார். நடுவில் உப்பியது. ஊரையே கூட்டுகிற குரல் உள்ள மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"அடங்க மாட்டேங்குதே," என்றார். "இவ இன்னும் இருக்கா போலயே. நான் எப்படி இவளைக் கொண்டுபோய் வெளியில விட?"

யாருக்கும் அழுகை வரவில்லை. வாசலில் நிற்கிற ஆணையரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா பிள்ளையைத் தொம்மையிடம் கொடுத்தாள். கொடுத்தபோதுகூட என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா, சொல்ல முடியாது. கூட்டத்தை விலக்கிச் சுவருக்குப் போனாள். மேல்துணியை உருவி ஃபேன் கிரில் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். காற்று அவளைத் தள்ளியது. காலைக் கம்பியில் மாட்டிக்கொண்டு இன்னும் அழுத்தினாள். மேல் முனை ஒன்று பிய்த்துக்கொண்டு அடித்தது. அதைப் பிடிக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை. பக்கத்திலிருந்து வேறொரு கை வந்து அதை அமுக்கியது. வளையல் போட்ட, பூமியில் வளர்ந்த தடித்த மணிக்கட்டு. வத்சலாவுடையது.

உள்ளே ஃபேன் உறுமிக்கொண்டே இருந்தது. பூமியில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், கொற்கையில் எல்லா ஃபேனும் ஒழுங்காக ஓடுகிறது என்றுதான் தெரிந்திருக்கும்.

பேச்சியின் முகத்தில் துணி ஒருமுறை எழுந்தது. பாதியில் யோசித்தது. மெல்ல, மெல்லப் படிந்தது.

இசக்கி அண்ணன் அழுதார். அறை மொத்தமும் அவரோடு சேர்ந்து அழுதது. விடுதலைப் பிரகடனம், கையெழுத்து, கொடி எல்லாம் பல மாதம் கழித்துத்தான் வந்தன. விடுதலை நாள் எது என்று கொற்கைக்காரர்களைக் கேட்டால் அந்தத் தேதியைச் சொல்ல மாட்டார்கள், இந்த மதியத்தைத்தான் சொல்வார்கள்.

"ஜெசிந்தா," என்றார் ஆணையர் வாசலிலிருந்து. குரல் அடங்கியிருந்தது. "உத்தரவு என்னன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் சார் இருக்கு. அதுக்காகக் கையை எடுத்துர முடியுமா?"

ஆணையர் வாயைத் திறந்தார். அவர் சொல்லப் போனதை வத்சலா சொல்ல விடவில்லை.

"அங்க நின்னு பேசிட்டிருக்காதீங்க," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "இங்க வந்து இந்த முனையைப் பிடிங்க. எனக்குக் கை வலிக்குது."

நடையில் காவலர்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்லுக்காக. அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு கதவை இழுத்துச் சாத்தினார், உள்ளே நின்றபடி.